பங்குனித் தொடக்கத்தில் வலசைப் பறவைகள்: கூந்தன்குளம் முதல் கோடியக்கரை வரை

முதல் நாள்: கூந்தன்குளம்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளத்துக்கு விடியும் முன்பே வந்து சேர்ந்துவிட்டோம். பங்குனி பிறந்துவிட்டது, மார்ச் மாதத்தின் நடுப்பகுதி. வலசை வந்த பறவைகளில் பல இன்னும் புறப்படவில்லை என்றாலும், புறப்பாட்டுக்கான ஆயத்தம் மும்முரமாக நடக்கும் வாரங்கள் இவை. ஐப்பசி, கார்த்திகையில் நம் நீர்நிலைகளில் நிறைந்திருக்கும்போது இவற்றில் பெரும்பாலானவை மங்கிய சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். வடக்கே கூடு கட்டும் காலத்துக்குரிய நிறங்களை அங்கு போய்ச் சேர்ந்த பிறகு அவை பூணுவதில்லை. இங்கேயே, நம் குளங்களிலும் உப்பளங்களிலும் சேற்றுவெளிகளிலும் இரை தேடியபடி, இறகு மாற்றிக்கொண்டுதான் கிளம்புகின்றன. அந்த நிறமாற்றத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பதற்காகவே நானும் என் தோழியும் இந்தப் பயணத்தை வகுத்துக்கொண்டோம். கூந்தன்குளத்தில் தொடங்கி, தூத்துக்குடி உப்பளங்கள், இராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்கள், தனுஷ்கோடி வழியாகக் கோடியக்கரை வரை செல்வது எங்கள் திட்டம்.

குளத்தங்கரையில் ஏறி நின்றதும் முதலில் கண்ணில் பட்டவை வாத்துகள். ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் நடுநீரில் கிடந்தன. அவற்றுக்கு இப்பால், நீர்ப்பூண்டுகளின் ஓரமாக, நீலச்சிறகிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆண் நீலச்சிறகி மற்ற வாத்துகளைவிடத் தாமதமாக நிறம் மாறும் பறவை. வரும்போது பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். பனிக்காலத்தின் பெரும்பகுதியை அதே கோலத்தில் கழித்துவிடும். டிசம்பரில் இங்கு வந்து பார்த்தவர்கள் ஆணையும் பெண்ணையும் பிரித்தறியத் திணறியிருப்பார்கள். இன்று அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. செம்பழுப்புத் தலை, கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரி வரை வளைந்து இறங்கும் தடித்த வெண்பிறை, விலாவில் நெருக்கமான மெல்லிய சாம்பல் வரிகள், தோளிலிருந்து சரிந்து தொங்கும் கறுப்பு வெள்ளை நீளிறகுகள் என்று ஆண்கள் முழுக்கோலத்தில் இருந்தன. ஒன்று மட்டும் பாதி வழியில் நின்றது. அதன் வெண்பிறை கண்ணுக்குப் பின்னால் சற்றுத் தொலைவுவரை வந்து, பிறகு புள்ளிகளாகச் சிதறியிருந்தது. மார்பில் பழைய இறகுகளும் புதிய இறகுகளும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன. தொலைநோக்கியை அந்த ஒரு பறவையின் மீதே நெடுநேரம் நிறுத்தி வைத்திருந்தேன். இறகு மாற்றம் என்று ஏட்டில் படிப்பது உடலில் எப்படி நடக்கிறது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய பறவையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கூந்தன்குளத்தின் பெயரைப் பறவை ஆர்வலர்களிடையே பரப்பிய வரித்தலை வாத்துகள் குறைந்துவிட்டிருந்தன. எதிர்க்கரையில் ஈரப்புல்லை மேய்ந்துகொண்டிருந்த ஒரு சிறு கூட்டம் மட்டுமே எஞ்சியிருந்தது. இவை நிறம் மாற்றுவதில்லை. வெண்தலையில் பின்புறமாக ஓடும் இரண்டு கருவரிகள் ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். இவற்றின் ஆயத்தமெல்லாம் உடலுக்குள் நடப்பது. மங்கோலியாவிலும் திபெத்திலும் உள்ள ஏரிகளை நோக்கிப் பறக்கும்போது இமயமலையைக் கடந்தாக வேண்டும். கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் ஒரு வரித்தலை வாத்து 7,290 மீட்டர் உயரம் வரை ஏறியது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை எப்போதும் அத்தனை உயரத்தில் பறப்பதில்லை என்பதும் அதே ஆய்வுகளில் தெரியவந்தது. மலைச்சரிவின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே தாழ்ந்தும் உயர்ந்தும் செல்கின்றன. காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவையும் அதிகாலையையும் பெரிதும் பயன்படுத்திக்கொள்கின்றன. மெல்லிய காற்றிலிருந்தும் உயிர்வளியை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மை அவற்றின் இரத்தத்துக்கு உண்டு. நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தோரப் புல் இமயத்தைத் தாண்டும் எரிபொருளாக மாறுகிறது என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பையே தருகிறது.

வெயில் ஏறியதும் ஊருக்குள் சென்றோம். இங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. வேப்பமரம் ஒன்றில் மட்டும் ஏழெட்டுக் கூடுகள் இருந்தன. குஞ்சுகள் இரைக்காக எழுப்பும் கரகரப்பொலி தெரு முழுவதும் கேட்டது. வளர்ந்த நாரைகளுக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம். அலகுகளைத் தட்டி ஓசை எழுப்புவதோடு சரி. ஒரு கூட்டில், தாயோ தந்தையோ, வெயில் விழும் பக்கமாக முதுகைத் திருப்பி, சிறகுகளைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நின்றது. முகத்தின் வெற்றுத்தோல் இப்போது ஆழ்ந்த செம்மஞ்சளாக இருக்கிறது; பின்புறத்துச் சிறகுகளின் இளஞ்சிவப்பும் நன்கு ஏறியிருக்கிறது. குஞ்சுகள் அழுக்குச் சாம்பலாகத்தான் தெரிந்தன. முழு நிறம் வர அவற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும்.

அந்த மரத்துக்குச் சொந்தக்காரரான முதியவரிடம், "இரவெல்லாம் இந்தச் சத்தம் தொந்தரவாக இல்லையா ஆச்சி?" என்று என் தோழி கேட்டாள்.

"தொந்தரவு என்னம்மா? அதுக வராத வருசந்தான் எங்களுக்குத் தூக்கம் வராது. மழை பெய்ஞ்சு குளம் பெருகினாத்தான அதுக வரும்" என்றார் அவர்.

இதைவிடத் தெளிவாக அந்த ஊரின் உறவை யாரும் சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு இங்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் போன பிறகு, எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு உரமாக இடுகிறார்கள். 129 எக்டேர் பரப்புள்ள இந்தக் குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1994-இல். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது அதற்கும் வெகுகாலம் கழித்து. பறவைகளுக்கு இந்த ஊர் இடம் கொடுத்தது இந்த இரண்டுக்கும் பல தலைமுறைகள் முன்பே.

இரண்டாம் நாள்: தூத்துக்குடி உப்பளங்கள்

உப்பளத்தில் பறவை பார்ப்பதற்கு அனுமதி கேட்டு நுழைவது முறை. காலையில் பாத்தியில் இறங்கி வாருபலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணாச்சி, பாத்தியை மிதிக்க மாட்டோம், வரப்பிலேயே நின்று பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டபோது, "தாராளமாப் பாருங்கம்மா, தெப்பத்துப் பக்கம் போனா நிறைய நிக்கும்" என்று வழிகாட்டினார். தெப்பம் என்பது கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ முதலில் தேக்கிவைக்கும் பெரிய நீர்ப்பரப்பு. பாத்திகளில் உப்பு உறையும் அளவுக்கு நீர் செறிந்துவிட்டால் அங்கு உயிர்கள் வாழ்வது கடினம். தெப்பங்களிலோ உவர்நீர் இறால்களும், உவர்நீரில் பெருகும் ஈக்களின் புழுக்களும் ஏராளம். ஆகவே பறவைகளின் கூட்டம் பாத்தியில் குறைவாகவும் தெப்பத்தில் நிறைவாகவும் இருக்கும். உப்பெடுக்கும் பருவம் சூடுபிடிக்கத் தொடங்கியிருக்கும் இந்நேரத்தில், எந்தத் தெப்பத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை வைத்தே எந்தப் பறவை எங்கே நிற்கும் என்று ஊகிக்க முடிகிறது.

ஆழம் கூடிய இடத்தில் நெடுங்கால் உள்ளான்கள், கணுக்கால் நீரில் பச்சைக்காலிகள், நீர் வற்றிப் பளபளக்கும் சேற்றில் கொசு உள்ளான்கள். கொசு உள்ளான் இருபது, முப்பது கிராம் எடைதான் இருக்கும். வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் புல்வெளிகளில் முட்டையிடும் இந்தப் பறவை, சேற்றைக் குத்தும் வேகத்தில் கண் அதைத் தொடரவே முடியாது. கூட்டத்தில் பெரும்பாலானவை இன்னும் சாம்பலாகவே இருந்தன. ஒருசிலவற்றின் தோளிலும் முதுகிலும் செம்பழுப்பு விளிம்புள்ள புதிய இறகுகள் முளைத்து வந்திருந்தன. முதுகின் மேல் வெளிர்நிறத்தில் இரண்டு கோடுகள் சேர்ந்து ஆங்கில எழுத்தான 'வி' வடிவில் தெரிவது, இறகு மாறி வருகிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

இன்றைய நாளின் முக்கியமான பறவை வலசைப் பறவை அன்று. உயரமான வரப்பு ஒன்றில், சிறிய வெளிறிய உப்புக்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் ஓடி நின்று, மறுபடி ஓடி நின்று, திடீரென ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி தடுமாறத் தொடங்கியது. கூட்டை நோக்கி வருபவரைத் திசைதிருப்ப உப்புக்கொத்திகள் செய்யும் செயல் இது. காயம்பட்டதுபோல் பாவனை செய்து, எதிரியைத் தன் பின்னால் வரவழைத்துவிடும். அந்த நொடியே நாங்கள் வந்த வழியில் பின்வாங்கி, எழுபது, எண்பது அடிக்கு அப்பால் உப்புக் குவியல் ஒன்றின் மறைவில் அமர்ந்துகொண்டோம். சிறிது நேரத்தில் அது ஓடிப்போய் வரப்பின் சரிவில் ஓரிடத்தில் அமர்ந்தது. உடலைச் சற்றே உயர்த்தி, வயிற்று இறகுகளைச் சிலிர்த்து, முட்டைகளின் மேல் பட்டும் படாமலும் நின்றது. அடைகாப்பது என்பதைவிட வெயில் படாமல் மறைப்பதே இப்போது அதற்கு முதன்மையான வேலை. எழுந்து போய் ஆழமற்ற நீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து மீண்டும் அமர்ந்ததையும் கண்டோம். ஈரத்தால் முட்டையின் சூடு தணியும்.

இது அனுமன் உப்புக்கொத்தி. நெடுங்காலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகையாகவே கருதப்பட்ட இது, உடலளவு, நிறம், மரபணு ஆகியவற்றின் வேறுபாட்டை வைத்து 2023-இல் தனி இனமாக மீண்டும் ஏற்கப்பட்டது. இலங்கையும் தென்னிந்தியாவும்தான் இதன் தாயகம். வடக்கேயிருந்து வரும் கென்டிஷ் உப்புக்கொத்திகளும் இதே உப்பளங்களில் இதனோடு கலந்து மேயும். ஆனால் மார்ச் மாதத்தில் இந்த வரப்பில் முட்டையிடுவது நம் ஊர்ப் பறவைதான். உப்பள வரப்புகளை மண் கொட்டி உயர்த்துவதும் வண்டி ஓட்டுவதும் இந்த மாதங்களில்தான் நடக்கின்றன என்பது கவலை தருகிறது. அண்ணாச்சியிடம் இடத்தைச் சொன்னபோது, அந்த வரப்பில் இன்னும் சில நாள்களுக்கு வண்டி போகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அடையாளத்துக்கு ஒரு பனைமட்டையை வரப்பின் தலைப்பில் நட்டுவைத்தார். கூட்டை நாங்கள் படம் எடுக்கவில்லை. கூடு இருக்கும் இடத்தின் குறியீட்டையும் எந்தப் பொதுப் பட்டியலிலும் தரப்போவதில்லை.

மாலையில் உப்பளத்தை ஒட்டிய சீமைக்கருவேலங்காட்டில் சோளப்பட்சிகள் அடைய வந்தன. நடு ஆசியாவிலிருந்து வரும் மைனா இனம் இது. நம்மிடம் முந்தி வந்து பிந்திப் போகும் விருந்தாளி, ஏப்ரல் வரைகூடத் தங்கிவிடும். வரும்போது மங்கலாக இருந்த அதன் இளஞ்சிவப்பு இப்போது துலங்கித் தெரிகிறது. ஆனால் இது புதிய இறகு முளைத்ததால் வந்த மாற்றம் அன்று. புத்திறகுகளின் நுனியில் இருக்கும் மண்ணிற விளிம்பு மாதக்கணக்கில் தேய்ந்து உதிர, உள்ளே இருந்த கருமையும் இளஞ்சிவப்பும் வெளிப்படுகின்றன. நீலச்சிறகி புதிய ஆடையால் நிறம் பெறுகிறது என்றால், இது பழைய ஆடை தேய்ந்தே நிறம் பெறுகிறது.

மூன்றாம் நாள்: இராமநாதபுரம் கண்மாய்கள்

சாயல்குடி வழியாக முதுகுளத்தூர்ப் பக்கம் வந்து, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களைப் பார்த்தோம். இரண்டும் 1989 முதல் சரணாலயங்கள். நீர் பெரும்பாலும் வற்றிவிட்டிருந்தது. கருவேல மரங்களில் பழைய கூடுகளும், பறக்கப் பழகிவிட்ட இளம் நாரைகள் சிலவும்தாம் இருந்தன. ஏமாற்றம் என்று இதைச் சொல்லமாட்டேன். இங்கேயே கூடு கட்டும் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் மஞ்சள்மூக்கு நாரைகளும் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவை. மழை ஐப்பசியில் கண்மாயை நிரப்ப, மீனும் நத்தையும் பெருக, மார்கழி, தை மாதங்களில் குஞ்சுகள் வளர்ந்துவிடுகின்றன. கூந்தன்குளத்துக்கு அணை நீர் வருவதால் அங்கே பருவம் சற்றுப் பின்தங்கி நீள்கிறது. வானத்தை மட்டும் நம்பிய இந்தக் கண்மாய்களில் அது முன்பே முடிந்துவிடுகிறது. ஆக, உள்ளூர்ப் பறவைகளுக்கு ஆண்டு முடியும் நேரத்தில்தான் வெளியூர்ப் பறவைகளுக்கு ஆண்டு தொடங்குகிறது.

இராமநாதபுரம் நகரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயில் ஓரளவு நீர் இருந்தது. 2025-இல் தேர்த்தங்கலோடு சேர்த்து ராம்சார் பட்டியலில் இணைக்கப்பட்ட இடம் இது. மீசை ஆலாக்கள் நீரின் மேல் தாழ்ந்து பறந்து பூச்சிகளைக் கவ்விக்கொண்டிருந்தன. இரண்டின் வயிறு கருஞ்சாம்பலாகிவிட்டிருந்தது. கன்னத்தில் வெண்பட்டை தெளிவாகத் தெரிந்தது. கரையோரப் புல்லில் மஞ்சள் வாலாட்டி ஒன்று, மார்பு முழுவதும் மஞ்சள் ஏறி நின்றது. மாலைக்குள் இராமேசுவரம் போய்ச் சேர வேண்டியிருந்ததால் இங்கு அதிக நேரம் செலவிடவில்லை.

நான்காம் நாள்: தனுஷ்கோடி

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் என்றே தனுஷ்கோடியைப் பலரும் அறிவார்கள். கோதண்டராமர் கோயிலைச் சுற்றிக் கிடக்கும் ஆழமற்ற கடற்கழி, பூநாரைகளின் இருப்பிடம் என்பது இப்போதுதான் பரவலாகப் பேசப்படுகிறது. 2025 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு இங்கு ஏறத்தாழ 525 எக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது.

காலை வெயில் பின்னாலிருந்து விழும்படி இடம் பிடித்து அமர்ந்தோம். நீண்ட வரிசையில் நின்ற பூநாரைகளில் பெரும்பாலானவை தலையைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, காலால் சேற்றைக் கலக்கியபடி மேய்ந்தன. ஓரத்தில் இருந்த ஒரு குழு மட்டும் மேயவில்லை. நெருக்கமாகச் சேர்ந்து, கழுத்தை நேராக நிமிர்த்தி, தலையை இடமும் வலமுமாக வெடுக்கு வெடுக்கென்று திருப்பியபடி ஒரே திசையில் நடந்தன. நடந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சிறகுகளைச் சில நொடிகள் அகல விரித்து மூடின. மடக்கியிருக்கும்போது வெளிறிய பறவையாகத் தெரிவது, விரித்த கணத்தில் குங்குமச் சிவப்பும் கருமையுமாக மாறும். துணை தேடும் பருவத்துக்கு முன்னர், கூடு கட்டும் இடத்துக்குப் போவதற்கு வெகு முன்பே, பூநாரைகள் கூட்டமாகச் செய்யும் ஆட்டம் இது.

பூநாரையின் சிவப்பு அதன் உணவிலிருந்து வருகிறது என்பது பலருக்கும் தெரியும். உவர்நீரின் நுண்பாசிகளிலும் இறால்களிலும் உள்ள நிறமிகளே அதற்குக் காரணம். இன்னொரு செய்தி அவ்வளவாகத் தெரியாதது. வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அதே நிறமிகள் கலந்திருக்கின்றன. பெரும் பூநாரைகள் கன்னத்தை அங்கே தேய்த்து, பிறகு கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் பூசிக்கொள்கின்றன. ஆட்டம் நடக்கும் மாதங்களில் இந்தப் பூச்சு கூடுகிறது. குஞ்சு பொரித்த பின் குறைந்துவிடுகிறது. அவ்வாறு கன்னத்தை வாலடியில் தேய்த்துவிட்டுக் கழுத்தை முதுகின் மேல் உருட்டிய ஒரு பறவையை இன்று மிகத் தெளிவாகப் பார்த்தோம். அருகில் நின்ற இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில், கறுத்த அலகோடு, மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தன.

இந்நேரத்தில் சிலர் படம் எடுப்பதற்காக நீருக்குள் இறங்கி நடந்து, கூட்டம் முழுவதையும் எழுப்பிவிட்டார்கள். பறவைகள் பறக்கும் காட்சி அழகாகத்தான் இருந்தது. ஆனால் நெடும்பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்க்கும் வாரங்களில் ஒவ்வொரு முறை கிளப்பப்படுவதும் அந்தச் சேமிப்பில் கைவைப்பதாகும். பறவைகள் கழியின் மறுகோடிக்குப் போய்விட்டன. ஆட்டம் அதன் பின் தொடரவில்லை. எனக்கு இது மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

பிற்பகலில் அரிச்சல்முனை சாலையோரம் பழுப்புத்தலைக் கடற்காகங்களைப் பார்த்தோம். பனிக்காலத்தில் இவற்றின் பெயருக்கும் தலைக்கும் பொருத்தமே இருக்காது. வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். இப்போது ஒரே கூட்டத்தில் எல்லா நிலைகளையும் பார்க்க முடிந்தது. முழுவதும் வெள்ளைத் தலை, பிடரியில் மட்டும் பழுப்புத் தூவல், நெற்றி நரைத்த முகமூடி, கண்ணைச் சுற்றிய வெள்ளைக் கீற்றைத் தவிர முழுவதும் ஆழ்ந்த பழுப்பு என்று படிப்படியாக நின்றன. மணலில் எங்களுக்கு மிக அருகில் நின்ற ஒன்றின் முகத்தில், முளைத்துவரும் பழுப்பிறகுகள் உறையிலிருந்து முழுதும் விரியாமல் ஊசி ஊசியாக நிற்பதும் தெரிந்தது. லடாக்கிலும் திபெத்திலும் உள்ள உயரமான ஏரிகளின் தீவுகளில்தான் இவை முட்டையிடும். பனி உருகிக் கிடைக்கும் காலம் அங்கே குறுகியது. போய்ச் சேர்ந்ததும் இணை சேர்ந்து இடம் பிடிக்க வேண்டும். இறகு மாற்றுவதற்கென்று அங்கே நாள்களை ஒதுக்க முடியாது. அதனால்தான் பாக் நீரிணையின் மீனை உண்டு இங்கேயே அந்த முகமூடியை அணிந்துகொள்கின்றன.

ஐந்தாம் நாள்: கோடியக்கரை

தொண்டி, மணமேல்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வந்து, வேதாரண்யத்தைத் தாண்டி, கோடியக்காட்டை அடைந்தோம். 1967-இல் வெளிமான்களுக்காக அமைக்கப்பட்ட சரணாலயம் இது. 2002-இல் தமிழகத்தின் முதல் ராம்சார் ஈரநிலமாகி, அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தத் தகுதியைப் பெற்ற ஒரே இடமாகவும் இருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராயப் பல பத்தாண்டுகள் உழைத்த மண் இது. கரைப்பறவைகளைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு இந்தச் சேற்றில் கிடைத்ததுதான்.

வனக்காப்பாளர் துணையோடு சதுப்பின் ஓரத்துக்குச் சென்றோம். கடல்நீர் ஓதத்தால் ஏறி, சேற்றுவெளி சுருங்கி, பறவைகள் ஒரு திட்டில் நெருங்கி நிற்கும் நேரம் அது; வகை பிரித்து எண்ணுவதற்கு இதைவிட ஏற்ற நேரம் இல்லை. வளைமூக்கு உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. பனிக்காலம் முழுவதும் மேலே சாம்பலும் கீழே வெள்ளையுமாக இருந்த பறவை, இப்போது செங்கல் நிறத்தைப் பூணத் தொடங்கியிருக்கிறது. சிலவற்றின் மார்பில் இரண்டொரு சிவப்பிறகுகள் மட்டும். சில கழுத்திலிருந்து வயிறு வரை திட்டுத்திட்டாக. முழுவதும் சிவந்தவை மிகச் சில. ஏப்ரலில் இந்தக் கூட்டம் இன்னும் சிவந்திருக்கும். இவை போக வேண்டியது சைபீரியாவின் வடகோடி. ஜூனில் பனி விலகும், ஜூலை முடிவதற்குள் குஞ்சு பொரித்துவிட வேண்டும். கடற்காகங்களுக்கு இருக்கும் அவசரம் இவற்றுக்கு இன்னும் கூடுதல்.

அவற்றின் உடலும் மாறியிருந்தது. நீள்பயணம் போகும் சிறு கரைப்பறவைகள் சில, புறப்படுமுன் தம் வழக்கமான எடையில் பாதியளவு வரை கூடுதலாக ஏற்றிக்கொள்கின்றன. பக்கவாட்டில் பார்த்தபோது வயிறு வாலடி வரை பருத்துத் தொங்கியவை எவை, ஒல்லியாக இருப்பவை எவை என்று பிரிக்க முடிந்தது. சிவந்தவையே பருத்திருந்தன. ஒல்லியானவை, ஒரு சிவப்பிறகும் இல்லாத வெறும் சாம்பல் பறவைகள். இவை சென்ற ஆண்டு பிறந்த இளம்பறவைகளாக இருக்க வேண்டும். வளைமூக்கு உள்ளான்களில் இளையவை பல தம் முதல் கோடையில் வடக்கே செல்வதில்லை; இந்தக் கரையிலேயே வெயிலைத் தாங்கிக்கொண்டு தங்கிவிடுகின்றன. ஆகவே மே மாதத்தில் கோடியக்கரையில் உள்ளான்களைப் பார்ப்பவர்கள், அவை வழிதவறியவை என்றோ நோயுற்றவை என்றோ எண்ண வேண்டியதில்லை. ஆனால் கோடையிலும் இங்கே நீரும் சேறும் இருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தாக வேண்டும். வலசைக்காலம் முடிந்துவிட்டது என்று கருதி, கோடையில் சதுப்பின் வாய்க்கால்களை மறித்தால் பாதிக்கப்படுபவை இவைதாம்.

புறப்படும் காலத்தை இவை எப்படி அறிகின்றன என்று வனக்காப்பாளர் கேட்டார். ஐரோப்பாவில் பனிக்காலத்தைக் கழிக்கும் பறவைகளுக்குப் பகல் நீள்வது வலுவான அறிகுறி. இங்கோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய வேறுபாடுதான். வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. பறவையின் உடலுக்குள் ஏறத்தாழ ஓர் ஆண்டைச் சுற்றாகக் கொண்ட கடிகாரம் ஒன்று ஓடுகிறது. வெளியுலகம் தரும் சிறு குறிப்புகளால் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. கூண்டில், மாறாத ஒளியிலும் வெப்பத்திலும் வைக்கப்பட்ட பறவைகள்கூட உரிய பருவத்தை ஒட்டி இறகு மாற்றியதும் எடை கூடியதும் சோதனைகளில் தெரியவந்திருக்கின்றன.

திபெத்திய மணல் உப்புக்கொத்திகள் இன்றைய பட்டியலில் அடுத்த இடம் பெற்றன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை சிறு மணல் உப்புக்கொத்தி என்ற ஒரே பெயரில் அடக்கப்பட்டிருந்தவை இப்போது இரண்டு இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நம் கரைக்குப் பெரும்பாலும் வருவது திபெத்திய இனம். ஆண்களின் முகத்தில் கரும்பட்டையும் மார்பில் செம்பழுப்பும் படர்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்றின் காலில் உலோக வளையம் இருந்தது. சேறு ஒட்டியிருந்ததால் தொலைநோக்கியில் எண் தெரியவில்லை. அது நீரில் இறங்கிக் காலை உயர்த்திய தருணங்களில் என் தோழி தொடர்ந்து எடுத்த படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்ததில், எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் கிடைத்தன. பறவையை அடையாளம் காண அது போதாது என்றாலும், வளையம் எந்தக் காலில் இருந்தது, இறகு எந்த நிலையில் இருந்தது, எந்தத் திட்டில் நின்றது என்பனவற்றோடு சேர்த்து வளையமிடும் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவிட்டோம்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தோழி மீண்டும் இங்கு வருகிறாள். இதே திட்டில், இதே ஓத நேரத்தில் நின்று, சிவந்தவை எத்தனை, சாம்பலாகவே இருப்பவை எத்தனை என்று எண்ணுவதோடு, அந்த வளையத்தின் எஞ்சிய இலக்கங்களையும் தேடிப் பார்ப்பாள். நானோ வைகாசியில் வந்து, தங்கிவிட்ட இளம்பறவைகளைக் கணக்கெடுக்க வனக்காப்பாளரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.